சிறு தொழிலுக்கான தேடல் வழிகாட்டி: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

ஒருவர் வீட்டில் சலவை இயந்திரம் பாதியில் நின்றுவிட்டது; துணிகள் அழுக்கு நீரில் மூழ்கிக் கிடக்கின்றன. அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்து, "வாஷிங் மெஷின் தண்ணீர் இறங்கவில்லை" என்று தேடுகிறார். திரையில் தெரிகிற முதல் சில பெயர்களில் ஒன்றைத் தொட்டு அழைத்துவிடுகிறார். பழுதுபார்ப்பதில் பல ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் நாலு தெரு தள்ளி இருந்தும் அவருடைய பெயர் அந்தத் திரையில் இல்லையென்றால், அந்த அழைப்பு அவருக்கு வராது. வராமல் போனது அவருக்குத் தெரியவும் தெரியாது.

தொழிலில் தேர்ந்தவர்கள் இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். பெரும்பாலும் இதற்குக் காரணம் பணமின்மை இல்லை. வேலைகளை முறை மாற்றிச் செய்வதுதான். முதல் நாளே விளம்பரத்துக்குப் பணம் கட்டிவிட்டு, விளம்பரத்தைத் தொட்டு வருகிறவர் பார்க்க வேண்டிய பக்கத்தை ஆறு மாதம் கழித்து எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் எந்த வேலை என்ன என்பதோடு, எது எதற்கு முன்னால் வர வேண்டும் என்பதையும் சொல்கிறேன். மேலே சொன்ன சலவை இயந்திரப் பழுதுபார்ப்பவரையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். உங்கள் தொழில் தையலாக இருந்தாலும், கணக்கு எழுதித் தருவதாக இருந்தாலும், இசை கற்பிப்பதாக இருந்தாலும் முறை இதுவேதான்.

முதலில், திரையைப் புரிந்துகொள்ளுங்கள்

தேடல் முடிவுத் திரையில் உங்கள் பெயர் வரக்கூடிய இடங்கள் முக்கியமாக மூன்று. 'ஸ்பான்சர்டு' என்ற குறிப்புடன் வருபவை விளம்பரங்கள். வரைபடத்துடன் சேர்ந்து, பெயர், நட்சத்திர மதிப்பு, அழைப்புப் பொத்தான் ஆகியவற்றோடு வருபவை வணிகப் பதிவுகள். அவற்றோடு நீல எழுத்துத் தலைப்புகளாக வருபவை இணையதளப் பக்கங்கள். இவற்றில் விளம்பரத்துக்கு மட்டும்தான் தேடுபொறிக்குப் பணம் தர வேண்டும். விளம்பரத்துக்குப் பணம் கட்டினால் மற்ற இரண்டிலும் மேலே வந்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. விளம்பரத்துக்கும் இயல்பான தேடல் முடிவுகளுக்கும் தொடர்பு கிடையாது என்பதை கூகுளே தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

பக்கங்களைத் தேடுபொறி மூன்று கட்டங்களாகக் கையாள்கிறது. அதன் தானியங்கி நிரல் இணைப்புகளைப் பின்பற்றிப் பக்கம் பக்கமாகச் சென்று படிப்பது முதல் கட்டம். படித்ததைத் தன் அட்டவணையில் சேர்ப்பது இரண்டாவது. யாராவது தேடும்போது அந்த அட்டவணையிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து வரிசைப்படுத்துவது மூன்றாவது. 1998-இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது, ஒரு பக்கத்துக்கு வேறு எந்தெந்தப் பக்கங்கள் இணைப்புத் தருகின்றன என்பதை வைத்து அதன் மதிப்பைக் கணக்கிட்டதுதான் அவர்களுடைய புதுமை. இன்று கணக்கில் வரும் அம்சங்கள் ஏராளமாகிவிட்டன என்றாலும், இந்த மூன்று கட்டங்கள் மாறவில்லை. "என் தளம் வரவில்லை" என்று யாராவது சொன்னால், எந்தக் கட்டத்தில் நின்றுபோயிருக்கிறது என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. படிக்கப்படாத பக்கத்துக்கு ஒரு மருந்து. படிக்கப்பட்டும் முப்பதாவது இடத்தில் கிடக்கும் பக்கத்துக்கு வேறு மருந்து.

சாவிகள் உங்கள் கையில் இருக்கட்டும்

எதை உருவாக்கும் முன்பும் உங்கள் தொழிலுக்கென்று ஒரு டொமைன் பெயரை, அதாவது இணையதளத்தைத் திறக்கத் தட்டும் முகவரிப் பெயரை, வாங்குங்கள். அது உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதிவாக வேண்டும். தளம் வடிவமைத்துத் தருபவர் தன் பெயரில் பதிவுசெய்துகொள்வதும், உறவு முறிந்தபின் உரிமையாளர் தன் முகவரியையே இழந்து நிற்பதும் அடிக்கடி நடக்கிறது. பெயர் சிறியதாக, காதால் கேட்டு எழுதக்கூடியதாக இருந்தால் போதும். தானாகப் புதுப்பிக்கும் வசதியையும், கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பையும் கையோடு இயக்கிவிடுங்கள். வணிகப் பதிவு, விளம்பரக் கணக்கு, தளத்துக்கு வருபவர்களைக் கணக்கிடும் பகுப்பாய்வுக் கணக்கு எல்லாமே உங்கள் மின்னஞ்சலில் தொடங்கப்பட வேண்டும். உதவிக்கு வருபவருக்கு அணுகல் அனுமதி மட்டும் தந்தால் போதும். அந்த அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

சமூக ஊடகப் பக்கம் ஒன்று போதாதா, சொந்தத் தளம் எதற்கு என்ற கேள்வி எழும். வணிகப் பதிவோடு சேர்த்து கூகுள் இலவசமாக உருவாக்கித் தந்த எளிய இணையதளங்கள் அனைத்தும் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. கூகுளின் சமூக ஊடகமான கூகுள் பிளஸ், பொதுப் பயனர்களுக்கு 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. பிறருடைய மேடையில் கடை விரிக்கலாம். ஆனால் மேடை கலைந்தாலும் வாடிக்கையாளர் வந்து சேரக்கூடிய சொந்த முகவரி ஒன்று உங்களுக்கு வேண்டும்.

வாடிக்கையாளரின் சொற்களைத் திரட்டுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் நடைமுறைப்படுத்த நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். மற்ற எல்லா வேலைகளும் இதன்மேல்தான் நிற்கின்றன.

ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, இரண்டு வாரங்களுக்கு உங்களை அழைப்பவர்களும் செய்தி அனுப்புபவர்களும் தங்கள் முதல் வாக்கியத்தில் என்ன சொல்கிறார்களோ அதைச் சொல் மாறாமல் எழுதிவையுங்கள். திருத்தக்கூடாது; தொழில்மொழிக்கு மாற்றக்கூடாது. நம் பழுதுபார்ப்பவரின் குறிப்பேட்டில் இப்படித்தான் இருக்கும்: "மெஷின்ல தண்ணி நிக்குது", "சுத்தும்போது பயங்கரமா ஆடுது", "கதவு திறக்கவே மாட்டேங்குது", "துணியெல்லாம் நாறுது", "வீட்டுக்கே வந்து பார்ப்பீங்களா", "பார்க்க மட்டும் எவ்வளவு வாங்குவீங்க". ஆனால் அவருடைய தளத்தின் முகப்பிலோ "நவீன வீட்டு உபயோகச் சாதனங்களுக்கான முழுமையான தீர்வுகள்" என்று எழுதியிருக்கிறது. நீர் வடியாமல் தவிக்கும் ஒருவர் கூட "முழுமையான தீர்வுகள்" என்று தேடப்போவதில்லை. அவர் தட்டும் சொல்லும் உங்கள் பக்கத்தில் உள்ள சொல்லும் சந்திக்காவிட்டால், உங்கள் பக்கத்தை அவருக்குக் காட்டுவதற்குத் தேடுபொறிக்குக் காரணமே இல்லை.

குறிப்பேடு நிறைந்ததும் அந்தச் சொற்களைத் தேடல் பெட்டியில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். பாதி தட்டும்போதே கீழே விரியும் பரிந்துரைகள், பிறர் உண்மையாகவே தேடியவற்றிலிருந்து வருபவை, அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிவுகளுக்கு இடையே வரும் தொடர்புடைய கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு சொற்களில் எது அதிகம் தேடப்படுகிறது என்று ஒப்பிட கூகுள் டிரெண்ட்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. விளம்பரக் கணக்கைத் தொடங்கினால், ஒரு சொல் ஏறத்தாழ எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டும் கீவேர்டு பிளானர் என்ற கருவியும் கிடைக்கும். தமிழில் தேடுபவர் தமிழ் எழுத்தில் தட்டலாம், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதலாம், இரண்டையும் கலந்தும் தட்டலாம். உங்கள் வாடிக்கையாளர்கள் செய்தி அனுப்பும்போது எப்படி எழுதுகிறார்கள் என்பதைக் கவனித்தாலே எது பெரும்பான்மை என்று தெரிந்துவிடும்.

பிறகு அந்தப் பட்டியலைத் தேடுபவரின் மனநிலையை வைத்துப் பிரியுங்கள். "மெஷின் ஏன் ஆடுகிறது" என்று தேடுபவர் காரணம் தெரிந்துகொள்ள விரும்புகிறார். "வாஷிங் மெஷின் ரிப்பேர் அருகில்" என்று தேடுபவர் அடுத்த பத்து நிமிடத்தில் யாரையாவது அழைக்கப்போகிறார். இரண்டாம் வகைக்கான பக்கங்களை முதலில் எழுதுங்கள். முதல் வகை உங்கள் மேல் நம்பிக்கையை வளர்க்கும்; அதற்குப் பொறுமை வேண்டும்.

வரைபடத்தில் இடம்பிடியுங்கள்

கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்ற இலவச வணிகப் பதிவுதான் வாடிக்கையாளர்களை நேரில் சந்திக்கும் சிறு தொழிலுக்கு மிக விரைவாகப் பலன் தருவது. 2021 வரை இது கூகுள் மை பிசினஸ் என்று அழைக்கப்பட்டது. பழைய வழிகாட்டிகளில் அந்தப் பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். முழுக்க முழுக்க இணையத்திலேயே விற்கும் தொழில்களுக்கு இந்தப் பதிவு கிடையாது.

வரைபட முடிவுகளை கூகுள் மூன்று அடிப்படைகளில் வரிசைப்படுத்துகிறது: தேடலுக்கு உங்கள் தொழில் எவ்வளவு பொருந்துகிறது, தேடுபவரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள், எவ்வளவு அறியப்பட்டவராக இருக்கிறீர்கள். தூரத்தை உங்களால் மாற்ற முடியாது. மற்ற இரண்டுக்கும் உழைக்கலாம்.

பொருத்தத்தைத் தீர்மானிப்பதில் முதன்மை வகைப்பாடு மிகவும் முக்கியம். பட்டியலில் உள்ளவற்றில் உங்கள் தொழிலை மிகக் குறுகலாகச் சுட்டும் வகையைத் தேர்ந்தெடுங்கள். "பழுதுபார்ப்பு சேவை" என்ற பொதுவான வகையைவிட "சலவை இயந்திரப் பழுதுபார்ப்பு" என்பதற்கு நெருக்கமானது இருந்தால் அதுவே சரி. வணிகப் பெயர், உங்கள் பெயர்ப்பலகையில் இருப்பதே இருக்க வேண்டும். பெயரோடு "சிறந்த", "மலிவான", ஊர்ப்பெயர் என்று ஒட்டவைப்பது விதிமீறல். அதனால் பதிவே முடக்கப்படலாம். வீட்டிலிருந்து தொழில் செய்து வாடிக்கையாளரின் இடத்துக்குச் செல்பவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, சேவைப் பகுதிகளை மட்டும் குறிப்பிடலாம். அதிகபட்சம் 20 பகுதிகள் வரை சேர்க்கலாம். உரிமையை உறுதிசெய்ய இப்போது பலரிடம் காணொளி கேட்கப்படுகிறது. தெரு, பெயர்ப்பலகை, கருவிகள், நீங்கள் அந்த இடத்தை நடத்துபவர் என்பதற்கான அடையாளம் ஆகியவற்றை வெட்டாமல் ஒரே தொடர்ச்சியாக எடுத்துத் தர வேண்டியிருக்கும். எனவே அதை நல்ல வெளிச்சத்தில், கருவிகளைக் கையருகே வைத்துக்கொண்டு எடுங்கள்.

வேலை நேரத்தை விடுமுறை நாட்கள் உட்படச் சரியாக வைத்திருங்கள். "திறந்திருக்கிறது" என்று பார்த்து வந்தவர் பூட்டிய கதவைக் கண்டால், அவர் எழுதப்போகும் மதிப்புரையை உங்களால் எளிதில் ஈடுசெய்ய முடியாது. படங்கள் உங்களுடையவையாக இருக்கட்டும்: வேலை செய்யும் இடம், கருவிகள், வேலைக்கு முன்னும் பின்னும். கடையில் வாங்கிய அழகிய படங்களை மக்கள் ஒரு பார்வையிலேயே அடையாளம் கண்டுவிடுகிறார்கள். இதே விவரங்களை மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கின் பிங் பிளேசஸ், ஆப்பிள் மேப்ஸ் ஆகியவற்றிலும் பதிவுசெய்யுங்கள். பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகிய மூன்றும் எல்லா இடங்களிலும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும்.

மதிப்புரைகளைக் கேட்டுப் பெறுங்கள்

நல்ல வேலை செய்தால் மக்கள் தாமாக எழுதுவார்கள் என்று காத்திருந்தால், கோபமாக இருப்பவர்கள் மட்டுமே எழுதுவார்கள். வேலை முடிந்த அன்றே, உங்கள் பதிவுக்கான நேரடி மதிப்புரை இணைப்பை ஒரு சிறு குறிப்புடன் அனுப்புங்கள்: "இன்று உங்கள் இயந்திரத்தைச் சரிசெய்ய வாய்ப்பளித்ததற்கு நன்றி. வேலை எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுதினால், இதே சிக்கலில் இருப்பவர்கள் எங்களைக் கண்டுபிடிக்க உதவியாக இருக்கும்." அவ்வளவு போதும். தள்ளுபடியோ பரிசோ தருவதாகச் சொல்லிக் கேட்பதும், மகிழ்ச்சியாக இருப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்பதும் கூகுளின் விதிகளுக்கு எதிரானவை. சொந்தக்காரர்களை வைத்து ஒரே நாளில் இருபது மதிப்புரைகள் எழுதவைப்பது வீண் வேலை. அவை வடிகட்டப்பட்டுவிடும், நம்பிக்கையும் போகும்.

குறை சொல்லும் மதிப்புரைக்கு எழுதும் பதில், குறை சொன்னவரைவிட அதைப் பின்னால் படிக்கப்போகும் நூறு பேருக்கானது. "பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி ஒரு மணிக்கு வந்தார்கள்" என்று ஒருவர் எழுதினால், "தாமதமானது எங்கள் தவறு. முந்தைய வேலை நீண்டதும் உங்களை அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இப்போது தாமதமாகும் என்று தெரிந்தவுடன் அழைப்பதை வழக்கமாக்கியிருக்கிறோம்" என்பது போல, நடந்ததை ஒப்புக்கொண்டு, மாறியதைச் சொல்லி நிறுத்துங்கள். வாதாடாதீர்கள். வாடிக்கையாளரின் சொந்த விவரங்கள் எதையும் பதிலில் வெளியிடாதீர்கள்.

தளத்தை எழுதுங்கள்

தொடக்கத்தில் பெரிய தளம் தேவையில்லை. முகப்பு, ஒவ்வொரு முக்கியச் சேவைக்கும் தனித்தனிப் பக்கம், உங்களைப் பற்றிய பக்கம், தொடர்புப் பக்கம் ஆகியவை போதும். தனித்தனிப் பக்கம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பத்துச் சேவைகளை ஒரே பக்கத்தில் பத்து வரிகளாக எழுதினால், அந்தப் பக்கம் எந்தத் தேடலுக்கும் முழுமையான விடையாக இருக்காது.

ஒரு பக்கத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். உலாவியின் தாவலிலும் தேடல் முடிவிலும் தெரிகிற தலைப்பு, பல தளங்களில் வெறுமனே "முகப்பு" என்றோ "சேவைகள்" என்றோ இருக்கிறது. அந்த இடத்தில் "வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியவில்லையா? வீட்டுக்கு வந்து பழுதுபார்க்கிறோம்" என்று எழுதி, பின்னால் வணிகப் பெயரைச் சேருங்கள். பக்கத்தின் முதல் பத்தியிலேயே விடை தொடங்க வேண்டும்: "நீர் வடியாமல் போவதற்கு மிகவும் பொதுவான காரணங்கள், வடிகால் பம்பின் வடிகட்டியில் நாணயம், பொத்தான், நூல் போன்றவை அடைத்துக்கொள்வதும், பின்புறக் குழாய் மடங்கிப்போவதும்தான். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு வடிகட்டியை நீங்களே திறந்து பார்க்கலாம். அதன் பிறகும் நீர் நின்றால் பம்பு பழுதாகியிருக்க வாய்ப்புண்டு. அதை நாங்கள் சோதித்து மாற்றித் தருகிறோம்." தொழில் ரகசியத்தை வெளியே சொன்னால் வேலை போய்விடுமே என்ற அச்சம் இயல்பானது. வடிகட்டியைத் தானே சுத்தம் செய்துகொள்பவர் உங்களுக்குக் கட்டணம் தரமாட்டார், உண்மைதான். ஆனால் அடுத்த முறை பம்பு எரிந்துபோகும்போது அவர் நினைவில் இருக்கும் பெயர் உங்களுடையது.

அதன் கீழே, எந்தெந்த வகை இயந்திரங்களைப் பார்க்கிறீர்கள், எந்தப் பகுதிகளுக்கு வருவீர்கள், சோதனைக் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது, பொதுவாக எவ்வளவு நேரம் ஆகும் என்பதை எழுதுங்கள். கட்டணத்தை மறைப்பவர்களைவிட வரம்பையாவது சொல்பவர்களைத்தான் மக்கள் அழைக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். தொலைபேசி எண்ணைப் படத்துக்குள் பொதிக்காமல், தொட்டால் அழைப்புப் போகும்படி எழுத்தாக வையுங்கள்.

ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிக்காதீர்கள். பக்கத்தின் நிரலில் குறிச்சொற்களைப் பட்டியலிடும் 'மெட்டா கீவேர்ட்ஸ்' என்ற இடத்தைத் தன் தேடல் வரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. இன்றும் அதற்குக் கட்டணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஐம்பது ஒரேமாதிரிப் பக்கங்களை உருவாக்குவதும், பயனில்லாத பக்கங்களைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நூற்றுக்கணக்கில் நிரப்புவதும் தேடுபொறியின் ஸ்பேம் (ஏமாற்று வேலை) தடுப்புக் கொள்கைகளை மீறுபவை. கருவியைக் கொண்டு எழுதுவதே குற்றம் என்று பொருளில்லை; தரவரிசையை ஏமாற்றவென்றே மொத்தமாக எழுதுவதைத்தான் 2024 மார்ச்சில் கூகுள் விதியாகவே தடைசெய்தது.

தொழில்நுட்பத்தில் ஒரு சில விஷயங்களைப் பார்த்தால் போதும். தளம் எச்.டி.டி.பி.எஸ். என்ற மறைகுறியாக்கப் பாதுகாப்புடன் திறக்க வேண்டும்; லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் அதற்கான சான்றிதழை இலவசமாகவே தருகின்றன. கைப்பேசியில் எழுத்து பெரிதாக்காமலே படிக்க வர வேண்டும், ஏனென்றால் கூகுள் உங்கள் தளத்தின் கைப்பேசி வடிவத்தைத்தான் படித்து அட்டவணையில் சேர்க்கிறது. வேகத்தை பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் சோதிக்கலாம்: பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டதற்கு 200 மில்லிவிநாடிக்குள் பக்கம் அசைந்துகொடுக்க வேண்டும் என்பவை அதில் நல்ல அளவுகளாகக் கொள்ளப்படுகின்றன. சிறு தளங்கள் மெதுவாகத் திறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கைப்பேசிக் கேமராவில் எடுத்துச் சுருக்காமல் அப்படியே ஏற்றிய படங்கள்தான். ஒவ்வொரு படத்தையும் சில நூறு கிலோபைட்டுக்குள் சுருக்கி, படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி மாற்று உரையும் எழுதுங்கள். பார்வையற்றவர்களுக்குத் திரைபடிப்பான் வாசித்துக்காட்டுவது அந்த வரியைத்தான்.

தேடுபொறிக்குத் தெரியப்படுத்துங்கள்

கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் உங்கள் தளத்தைச் சேர்த்து, உரிமையை உறுதிசெய்து, உங்கள் பக்கங்களின் முகவரிகளைப் பட்டியலிடும் தளவரைபடக் கோப்பைச் சமர்ப்பியுங்கள். வேர்ட்பிரஸ் போன்ற, தளம் உருவாக்க உதவும் மென்பொருள்கள் அந்தக் கோப்பைத் தாமாகவே உருவாக்கிவிடும். பிங் வெப்மாஸ்டர் டூல்ஸிலும் இதையே செய்யுங்கள். கன்சோலில் உள்ளதை அங்கே நேரடியாக இறக்குமதி செய்துகொள்ளலாம் என்பதால் சில நிமிட வேலைதான்.

அதோடு ஒரு சிறு சோதனை. தேடல் பெட்டியில் 'சைட்' என்பதை ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் உங்கள் டொமைனைத் தட்டுங்கள். அட்டவணையில் உள்ள உங்கள் பக்கங்கள் பட்டியலாக வரும். எதுவுமே வரவில்லையென்றால், தளம் உருவாகும் காலத்தில் வைத்த தடை இன்னும் நீக்கப்படாமல் இருக்கலாம். மூன்று மாதமாக ஒரு தேடலில்கூட வராத தளம் ஒன்றை ஒருமுறை பார்க்க நேர்ந்தது. உரிமையாளர் அதற்குள் எழுத்தை இரண்டு முறை மாற்றியிருந்தார், வடிவமைப்பை ஒருமுறை மாற்றியிருந்தார். வேர்ட்பிரஸ் அமைப்புகளில் வாசிப்புப் பகுதிக்குள் போய்ப் பார்த்தால், தேடுபொறிகள் இந்தத் தளத்தை அட்டவணையில் சேர்க்க வேண்டாம் என்ற பெட்டியில் ஒரு டிக் இருந்தது. அதை எடுத்த சில நாட்களில் பக்கங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. அந்த மூன்று மாதமும் அவர் எழுதியதில் குறையே இல்லை.

முக்கியமான பக்கத்தைப் புதிதாக எழுதினாலோ பெரிதாகத் திருத்தினாலோ, கன்சோலின் முகவரி ஆய்வுப் பெட்டியில் அதன் முகவரியை இட்டு அட்டவணைப்படுத்தக் கோரலாம். ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்பக் கோருவதால் வேகம் கூடாது.

இணைப்புகளும் வாக்குறுதிகளும்

பிற தளங்கள் உங்கள் பக்கத்துக்குத் தரும் இணைப்புகளுக்கு இன்றும் மதிப்பு உண்டு. அதைப் பெறும் நேர்மையான வழிகள் எளியவை: நீங்கள் உறுப்பினராக உள்ள தொழில் சங்கத்தின் பட்டியல், உதிரிபாகம் தரும் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்டவர்கள் பக்கம், நீங்கள் உதவிய நிகழ்ச்சியின் தளம், உங்கள் துறை பற்றிக் கருத்துக் கேட்ட செய்தித்தளம். தரவரிசைக்காக இணைப்புகளை விலைக்கு வாங்குவது விதிமீறல். விளம்பரமாகவோ பணம் தந்தோ பெற்ற இணைப்பை அப்படியே அடையாளமிட வேண்டும் என்பதற்காகவே 2019-இல் 'ஸ்பான்சர்டு' என்ற தனிக் குறியீட்டை கூகுள் அறிமுகப்படுத்தியது.

"முதலிடம் உறுதி" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அந்த உறுதியை யாராலும் தர முடியாது. நம்பகமான ஒருவரை அமர்த்த விரும்பினால், முதல் மாதத்தில் எந்தெந்தப் பக்கங்களில் என்னென்ன மாற்றுவார், அதை எதை வைத்து அளப்பார், கணக்குகள் யார் பெயரில் இருக்கும் என்று கேளுங்கள். நேரடியான பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

விளம்பரம் கடைசியில்

பக்கங்கள் தயாராகி, அழைப்புகள் வரத் தொடங்கிய பிறகு விளம்பரத்தைச் சிறு அளவில் சோதிக்கலாம். கூகுள் ஆட்ஸ் ஒவ்வொரு தேடலின்போதும் ஓர் ஏலத்தை நடத்துகிறது. அதில் நீங்கள் தரச் சம்மதிக்கும் தொகையோடு, விளம்பரத்தின் தரமும் அது கொண்டுசேர்க்கும் பக்கத்தின் தரமும் சேர்ந்தே இடத்தைத் தீர்மானிக்கின்றன. பக்கத்தை முதலில் எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: நல்ல பக்கம் உள்ளவர் குறைந்த தொகையிலேயே நல்ல இடத்தைப் பெற முடியும்.

புதியவர்களின் பணம் கரைகிற இடங்கள் சில உண்டு. தேடல் சொற்களை மிக விரிவான பொருத்தத்தில் விட்டுவிட்டால், சம்பந்தமில்லாத தேடல்களுக்கெல்லாம் விளம்பரம் காட்டப்படும். தொடக்கத்தில், நீங்கள் தந்த சொல்லின் அதே பொருளுள்ள தேடலுக்குக் காட்டும் துல்லியப் பொருத்தத்தையும், அந்தப் பொருளை உள்ளடக்கிய தேடலுக்குக் காட்டும் சொற்றொடர்ப் பொருத்தத்தையும் மட்டும் வையுங்கள். "வேலைவாய்ப்பு", "பயிற்சி வகுப்பு", "செகண்ட் ஹேண்ட்" போன்றவற்றை, அவை வரும் தேடலில் விளம்பரம் காட்டப்படாதபடி, விலக்குச் சொற்களாகச் சேருங்கள். இடத் தேர்வில், அந்தப் பகுதியில் ஆர்வம் காட்டுபவர்களும் சேர்க்கப்படுவது இயல்பான அமைப்பு. அதை அந்தப் பகுதியில் இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றாவிட்டால், நீங்கள் போய்ச் சேரவே முடியாத தொலைவில் உள்ளவரின் கிளிக்குக்கும் பணம் போகும். நாளொன்றுக்கான தொகை என்பது சராசரிதான்: சில நாட்களில் அதைப்போல் இரு மடங்கு வரை செலவாகலாம், மாத மொத்தம் மட்டும் அந்தத் தொகையின் 30.4 மடங்கைத் தாண்டாது.

விளம்பரம் பலன் தந்ததா என்பதைக் கிளிக் எண்ணிக்கையில் பார்க்காதீர்கள். நூறு கிளிக்குகளிலிருந்து எட்டு அழைப்புகள் வந்து, அதில் மூன்று வேலையாக மாறியது என்று வைத்துக்கொண்டால், நூறு கிளிக்குக்கான செலவை மூன்றால் வகுத்து வருவதே ஒரு வாடிக்கையாளரைப் பெற ஆன செலவு. அது ஒரு வேலையில் உங்களுக்கு மிஞ்சும் தொகையைவிடக் கூடுதலாக இருந்தால் விளம்பரத்தை நிறுத்தி, சொற்களையும் பக்கத்தையும் மறுபடி பாருங்கள்.

சமூக ஊடகத்தைப் பொறுத்தவரை, உங்கள் வாடிக்கையாளர்கள் உண்மையில் இருக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்து அங்கே ஒழுங்காக இருப்பது, ஐந்து இடங்களில் அரைகுறையாக இருப்பதைவிட மேல். மின்னஞ்சல் பட்டியலோ வாட்ஸ்அப் பட்டியலோ வைத்திருந்தால், சம்மதம் தந்தவர்களுக்கு மட்டுமே அனுப்புங்கள். விலகும் வழியைத் தெளிவாகக் காட்டுங்கள்.

அளந்து பார்த்துத் திருத்துங்கள்

தேடலில் பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். ஒரு பக்கத்தைத் திருத்திய மறுநாளே இடத்தைப் பார்த்து மனம் தளர வேண்டாம். சில வாரங்களாவது விட்டுப் பாருங்கள். உங்கள் கைப்பேசியிலேயே தேடிப் பார்த்து முடிவுக்கு வருவதும் சரியாகாது, ஏனென்றால் நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து முடிவுகள் மாறும்.

சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கை, எந்தத் தேடலுக்கு உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள், சராசரி இடம் எது என்பவற்றைக் கடந்த 16 மாதங்கள் வரை காட்டுகிறது. மாதம் ஒருமுறை அதைத் திறந்து இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பலமுறை காட்டப்பட்டும் தொடப்படாத பக்கங்களுக்குத் தலைப்பு பொருந்தவில்லை. அதை மாற்றி எழுதுங்கள். எட்டு முதல் இருபது வரையான இடங்களில் நிற்கும் பக்கங்கள் இன்னும் கொஞ்சம் உழைத்தால் மேலே வரக்கூடியவை. அங்கே விடுபட்ட கேள்விகளுக்கு விடை சேருங்கள், புதிய படங்களைச் சேருங்கள், உங்கள் மற்றப் பக்கங்களிலிருந்து அவற்றுக்கு இணைப்புத் தாருங்கள். புதிதாக எழுதுவதைவிட இந்தத் திருத்தம் விரைவாகப் பலன் தரும்.

தேடல் முடிவுகளின் மேலே விடையைத் தொகுத்துத் தரும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கங்கள் வந்தபின் எல்லாம் மாறிவிட்டதா என்று பலரும் கேட்கிறார்கள். அந்தச் சுருக்கத்தில் இடம்பெறுவதற்கென்று தனியான தொழில்நுட்ப நிபந்தனை எதுவும் இல்லை, பக்கம் அட்டவணையில் இருந்து, தேடலில் துணுக்குடன் (தலைப்பின் கீழ் வரும் சிறு விளக்கத்துடன்) காட்டப்படத் தகுதியுள்ளதாக இருந்தால் போதும் என்கிறது கூகுள். பொதுவான விளக்கங்களைப் படிக்கப் பக்கத்துக்குள் வருபவர்கள் குறையலாம். ஆனால் நீர் நிரம்பிய இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு, சுருக்கத்தைப் படித்து முடித்த பிறகும் ஒரு ஆள் தேவைப்படுகிறார்.

இந்தக் கருவிகள் முழுமையாகக் காட்டாத ஒன்று மீதமிருக்கிறது: ஒருவர் உங்களை எதைப் பார்த்து அழைத்தார் என்பது. சொற்களைத் திரட்டத் தொடங்கிய அதே குறிப்பேட்டில் இன்னொரு நிரலைக் கோடிட்டு, ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் "எங்களை எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டு எழுதிவாருங்கள். வரைபடம், விளம்பரம், நீர் வடியாத பக்கம், பக்கத்து வீட்டுக்காரர் என்று மூன்று மாதத்தில் அந்த நிரல் நிறையும்போது, அடுத்த மூன்று மாத உழைப்பை எங்கே போட வேண்டும் என்பதற்கான கணக்கு உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.